குழாயடியில் ழகரம்

ஊர் விட்டு ஊர் பெயர்ந்தால் உடை மாறுகிறது, உணவு மாறுகிறது, உறங்கும் நேரமும் மாறுகிறது. நாக்கு மட்டும் எளிதில் மாறுவதில்லை. பயணச்சீட்டு வாங்காமலேயே அது நம்மோடு புகைவண்டியில் ஏறிக்கொள்கிறது. வந்து இறங்கிய ஊரில் நாம் வாய் திறந்த மறுகணமே நாம் எந்தச் சீமையார் என்று காட்டிக் கொடுத்தும் விடுகிறது. முகத்தை மாற்றிக் காட்டலாம். முகவரியை மாற்றிச் சொல்லலாம். பேச்சின் சாயலை மறைப்பது அரிது. அச்சாயலைக் கேட்டுச் சிரிப்போர் உண்டு, சினப்போர் உண்டு. இவ்விரண்டையும் பம்பாயில் ஏராளமாகக் கண்டவர்கள் நாங்கள். கண்டவற்றுள் சிலவற்றை இம்மலரின் வாயிலாகத் தமிழ்க் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் ஊராகிய குர்லாவின் பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். இங்குள்ள சதுப்பு நிலத்தில் ஒரு காலத்தில் மிகுதியாகக் கிடைத்த நண்டுக்குக் 'குர்லி' என்று பெயர். அதிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்பர். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருவோர் இதனைக் 'குருலா' என்பர். கேட்ட அண்டை வீட்டார் நகைப்பர். ஆனால், இலக்கணம் அறிந்தோர் நகைக்கமாட்டார்கள். ரகர மெய்யை அடுத்து லகரம் வந்து நிற்பதைத் தமிழின் மெய்ம்மயக்க விதி ஏற்பதில்லை. எனவே நம் நாக்கு இடையில் ஓர் உகரத்தை ஊன்றுகோலாக நட்டுக்கொள்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகூடத் தன்னை அறியாமல் தொல்காப்பியரின் ஆணைக்குக் கீழ்ப்படிந்துதான் 'குருலா' என்கிறாள்! பிழை என்று நாம் கருதுவனவற்றுள் பாதி இத்தகையனவே. அவை அறியாமையால் விளைந்தவை அல்ல. ஒரு மொழியின் ஒழுங்கு மற்றொரு மொழிக்குள் நுழையும்போது தோன்றுபவை.

குர்லாவிலுள்ள பெரிய புகைவண்டி நிலையம் முன்பு குர்லா டெர்மினஸ் எனப்பட்டது. இப்போது லோகமான்ய திலகர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோவைக்கும் மதுரைக்கும் வண்டி ஏறும் இடம் அதுவாதலால் நம்மவருக்கு அது தாய்வீட்டு வாசல் போன்றது. ஆனால் அப்பெயரை ஒருவர் சொல்வது போல் மற்றவர் சொல்வதில்லை. இந்திக்காரர் 'திலக்' என்பார். மராத்தியர் தம் தலைவரை 'டிளக்' என்றே அழைப்பார். நாம் மரியாதை விகுதி சேர்த்துத் 'திலகர்' என்போம். மூவரும் போற்றுவது ஒருவரைத்தான்.

ஆலைகளும் மோட்டார்த் தொழிற்சாலையும் இங்கே ஓய்வின்றி இயங்கிய காலத்தில் பல சீமைத் தமிழரும் குர்லாவுக்கு வந்து சேர்ந்தனர். எங்கள் சாலில் அடுத்தடுத்த கோலிகளில் நெல்லையாரும், தஞ்சையாரும், வடார்க்காட்டாரும், கொங்கு நாட்டாரும் குடியிருந்தோம். தமிழ்நாட்டில் இருந்திருந்தால் இவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் ஆண்டுக்கொரு முறை திருமண வீட்டில்தான் கேட்டிருப்பர். இங்கோ நாள்தோறும் விடியற்காலையில் குழாயடியில் கேட்டோம்.

அந்தக் 'குழாய்' என்னும் சொல்லே ஒரு தேர்வுத்தாளாக அமைந்துவிட்டது. நெல்லையார் அதனைக் 'கொளாய்' என்றார். வடார்க்காட்டார் 'கொயாய்' என்றார். தஞ்சையார் முதலெழுத்தைத் திரித்தாலும் ழகரத்தைக் காப்பாற்றிக் 'கொழாய்' என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளோ இந்தச் சிக்கல் எதுவும் வேண்டாமென்று மராத்தியரைப் போல 'நள்' என்று சொல்லிவிட்டனர். 'நள்ளுல தண்ணி வந்தாச்சு' என்று ஒரு சிறுவன் மாடிப்படியில் கூவினால், நான்கு சீமைத் தமிழரும் வேற்றுமை மறந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

நெல்லையார் 'தண்ணி வந்துட்டு' என்பார். 'வந்துவிட்டது' என்பது அதன் பொருள். வடார்க்காட்டாருக்கோ 'வந்துட்டு' என்பது முற்றுப்பெறாத எச்சம். 'வந்துட்டு? அப்புறம் என்ன ஆச்சு, சொல்லேன்!' என்று அவர் வினைமுற்றுக்காகக் காத்து நிற்பார். அதற்குள் தண்ணீர் நின்றுவிடும்! தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த அந்தணர் வீட்டு அம்மையார், 'ஆத்துக்குப் போய்ட்டு வரேன்' என்று சொல்லிப் புறப்பட்டால், கொங்கு நாட்டு அம்மையார், 'இங்கே ஏதுங்க ஆறு? மித்தி ஆத்துக்குங்களா போறீங்க?' என்று உண்மையான கவலையோடு கேட்பார். அகம் ஆம் ஆகி, ஆத்துக்கு ஆன வரலாறு அவருக்கு எப்படித் தெரியும்? 'சொல்லுதேன்', 'போகுதேன்' என்று நெல்லையார் பேசுவதைக் கேட்டு மற்றவர் முதலில் நகைத்தனர், பிறகு பழகினர், சில ஆண்டுகளில் அவர்கள் பிள்ளைகளும் 'சொல்லுதேன்' என்றே சொல்லத் தொடங்கினர். சிரிப்பாகத் தொடங்கியது உறவாக முடிந்தது.

இத்தகைய வேறுபாடுகள் புதியன அல்ல. செந்தமிழ் நிலத்தைச் சார்ந்த பன்னிரு நிலங்களிலும் வழங்கும் சொற்களைத் திசைச்சொல் என்று தொல்காப்பியம் வகுத்தது. பிற்கால உரையாசிரியர்கள் அதற்குச் சான்று தேடிக் கொடுத்தனர். தாயைக் குட்டநாட்டார் 'தள்ளை' என்பர். தந்தையைக் குடநாட்டார் 'அச்சன்' என்பர். நாயைப் பூழிநாட்டார் 'ஞமலி' என்பர். சிறு குளத்தை அருவாநாட்டார் 'கேணி' என்பர் என்றெல்லாம் எழுதி வைத்தனர். ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்வாசிரியர்கள் இச்சொற்களை எள்ளி ஒதுக்கவில்லை. செய்யுள் செய்தற்கு உரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் திசைச்சொல்லுக்கும் இடம் தந்தனர். பக்கத்து ஊரான் பேச்சைக் கேட்டவுடன் நகைப்பது எளிது. அதனைக் குறித்து வைத்துக்கொள்வது புலமை. நம் முன்னோர் இரண்டாவதைச் செய்தனர்.

அதே தொல்காப்பியர், ஒலி பிறக்கும் முறையைச் சொல்வதில் சிறிதும் தளர்ந்தவர் அல்லர். பிறப்பியல் என்று தனி இயலே வகுத்தார். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும்போது ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றும், நாவிளிம்பு தடித்து, மேற்பல்லின் அடியைச் சார்ந்து, அண்ணத்தை ஒற்றும்போது லகரமும், வருடும்போது ளகரமும் பிறக்கும் என்றும் நுட்பமாகக் காட்டினார். சொல்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டவர் ஒலி வேறுபாட்டைக் காத்ததன் காரணம் தெளிவு. வலி வேறு, வளி வேறு, வழி வேறு. தலை, தளை, தழை மூன்றும் மூன்று பொருள். புலியும் புளியும் ஒன்றானால் சமையலறையில் அச்சம் பிறக்கும். மனமும் மணமும் ஒன்றானால் திருமண அழைப்பிதழில் குழப்பம் பிறக்கும். ஆகவே ஒலியைப் பேணுவது பகட்டு அன்று. பொருளைப் பேணுவதே ஆகும்.

ழகரம் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இன்று சிறப்பாக உரியது. பழங்கன்னடத்தில் அது இருந்தது; பின்னர் மறைந்தது. நம் 'ஏழு' கன்னடத்தில் 'ஏளு' ஆயிற்று. தெலுங்கில் 'ஏடு' ஆயிற்று. நம் 'கோழி' அங்கே 'கோளி', இங்கே 'கோடி'. நம்முடைய ழகரத்தை உலகம் எப்படியெல்லாம் காதில் வாங்கியது என்று நோக்கினால் வியப்பே மிகும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகரின் கல்வெட்டை வெட்டியவர்கள் சோழரைச் 'சோட' என்று பொறித்தனர். ஐரோப்பியர் வாயில் சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆயிற்று என்பர். பாலி நூல்கள் தமிழரைத் 'தமிள' என்று குறித்தன. இன்றும் இந்தியில் நம் மொழியின் பெயர் 'தமில்', மராத்தியில் 'தமிள்'. ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இசட், எச் என்னும் இரண்டு எழுத்துகளைக் கூட்டி எழுதும் வழக்கம் வந்தபின், வடநாட்டு நண்பர்கள் அதனை ஜகரமாகப் படிக்கத் தொடங்கினர். 'மொழி' அவர்கள் வாயில் 'மோஜி' ஆனது. ஆக, டகரம், ரகரம், ளகரம், லகரம், ஜகரம் என்று ழகரம் எடுத்த பிறவிகள் பல. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளாக அயலார்க்கு அகப்படாத ஓர் ஒலி, குர்லாவில் பிறந்த எட்டு வயதுக் குழந்தைக்கு உடனே அகப்படவில்லை என்று நாம் சினந்துகொள்வது எவ்வளவு பொருந்தும்?

இனி, நம் நாக்கு பிறர் காதில் எப்படி ஒலித்தது என்பதையும் சொல்லவேண்டும். இந்தியில் ககரம் நான்கு. தமிழில் எழுத்து ஒன்றே. பாட்டுக்கு 'கானா' என்றும், உணவுக்கு 'கானா' என்றும், ஒற்றைக் கண்ணனுக்கு 'கானா' என்றும் நாம் எழுதினால் மூன்றும் ஒரே வடிவம். சொல்லிலும் நெடுநாள் அப்படித்தான் ஒலித்தது. ஆலை உணவகத்தில் புதிதாக வந்த நம்மவர் ஒருவர் 'கானா இருக்கிறதா' என்று இந்தியில் கேட்க, பரிமாறுபவர் சிரித்துக்கொண்டே, 'பாடவா, பரிமாறவா?' என்று கேட்டாராம். வண்டி வருகிறது என்பதை நாம் ஆண்பாலில் சொல்வோம். இந்தியில் வண்டி பெண்பால். உயர்திணை அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்கு, இரும்பால் செய்த புகைவண்டிக்கு மகளிர் மரியாதை எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை! 'எம்.ஏ.' என்பதை நாம் 'யெம்.யே.' என்கிறோம் என்று வடநாட்டார் நகைப்பர். நம் பெண்கள் 'லதா', 'கீதா' என்னும் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது டி எழுத்தோடு எச் ஒன்றையும் சேர்ப்பர். டி மட்டும் இட்டால் டகரமாகிவிடுமோ என்னும் அச்சமே காரணம். வடநாட்டு ஆசிரியை அதனைப் பார்த்து மூச்சை அழுத்தி 'லத்ஹா' என்று அழைக்க, வகுப்பில் ஒரு பெண்ணும் எழுந்து நிற்பதில்லை.

நம்மை நோக்கி நகைப்பவர்களும் பிறர் நகைப்புக்குத் தப்பியவர்கள் அல்லர். குஜராத்தியர் 'ஹால்' என்பதை 'ஹோல்' என்கிறாராம். பஞ்சாபியர் 'ஸ்கூல்' என்பதைச் 'சகூல்' என்கிறாராம். உத்தரப் பிரதேசத்தார் 'இஸ்கூல்' என்கிறாராம். இவ்வூரில் ஒவ்வொரு சமூகமும் மற்றொன்றின் நாக்கைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறது.

ஆயினும் ஓரிடத்தில் நம் நாக்கு எங்களுக்குப் பெருமை தேடித் தந்தது. மராத்தியில் ளகரம் உண்டு, ணகரம் உண்டு. இந்தி பேசுவோர் 'வர்லி' என்றும் 'லோனாவலா' என்றும் சொல்லுமிடத்தில், மராத்தியர் 'வரளி' என்றும் 'லோணாவளா' என்றும் சொல்வர். பரேல் என்று ஆங்கிலத்தில் எழுதப்படுவது அவர்கள் வாயில் 'பரள்'. தண்ணீரை இந்தியார் 'பானி' என்பர். மராத்தியர் 'பாணி' என்பர். இந்த ளகரமும் ணகரமும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. வந்து மூன்று நாளே ஆன நெல்லைப் பெரியவர் பேருந்தில் 'வரளி' என்று சீட்டுக் கேட்டதும், மராத்திய நடத்துநர் முகம் மலர்ந்து அவரை அமரச் சொன்னதை எங்கள் சாலில் பல நாள் பேசிக்கொண்டோம். ழகரம் தெரியாததால் 'கொளாய்' என்று சொல்லி நகைக்கப்பட்டவர் அவரே. ஓரிடத்தில் குறையாக இருந்த ளகரம் மற்றோரிடத்தில் தகுதிச் சான்றாயிற்று.

நகைப்பு எப்போதும் இவ்வளவு இனிமையாக முடிவதில்லை. 1966-இல் சிவசேனை தோன்றியபோது, தென்னாட்டவர் மீது எழுப்பப்பட்ட வெறுப்பு நம் உடையையும் பேச்சையும் ஒருங்கே இலக்காக்கியது. வேட்டியை 'லுங்கி' என்று இகழ்ந்தனர். நம் மொழிகளின் ஒலியை 'யண்டு குண்டு' என்று கேலி செய்தனர். தமிழும் கன்னடமும் மலையாளமும் தெலுங்கும் அக்கேலியில் ஒன்றாகிவிட்டன. 1968-இல் வெளிவந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தில் நடிகர் மெகமூத் ஏற்ற தமிழ்ப் பாட்டாசிரியர் வேடம் பெரும் புகழ் பெற்றது. அவருடைய இந்தி உச்சரிப்பே படத்தின் நகைச்சுவைக்குப் பெருந்துணை செய்தது. திரையரங்கில் நாமும் சேர்ந்து சிரித்தோம். மெகமூத் கெட்டிக்கார நடிகர். ஆயினும் திரையில் கேட்ட சிரிப்பு மறுநாள் வேலை செய்யும் இடத்திலும் தொடர்ந்தபோது சிரிக்க இயலவில்லை. மின்வண்டியில் தமிழில் உரக்கப் பேசவேண்டாம் என்று அக்காலத்தில் பெற்றோர் பிள்ளைகளை எச்சரித்ததை எங்கள் மூத்தோர் இன்றும் சொல்வர்.

பேச்சின் சாயல் உயிருக்கே உலையாவதும் உண்டு. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் ஒரு செய்தி வருகிறது. யோர்தான் ஆற்றுத் துறையைக் காத்த வீரர்கள், கடக்க வந்தவர்களை 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். ஷகரம் வராமல் 'சிபோலேத்' என்றவர்கள் பகைவர் என்று கொல்லப்பட்டனர். அவ்வாறு மாண்டவர் 42,000 பேர் என்று அந்நூல் கூறுகிறது. பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட முடியவில்லை. 1983 ஜூலையில் இலங்கையில் நம் மக்கள் வேட்டையாடப்பட்டபோது, பேருந்துகளில் ஏறிய வன்முறையாளர்கள் வாளியைக் குறிக்கும் 'பல்தியா' என்னும் சிங்களச் சொல்லைப் பயணிகளைச் சொல்லச் செய்து, முதலெழுத்தின் ஒலியைக் கொண்டு தமிழரை இனங்கண்டார்கள் என்பது அக்கொடுமையைப் பற்றிய பதிவுகளில் உள்ளது. தண்ணீர் மொள்ளும் வாளியின் பெயர் உயிருக்கு எமனாயிற்று. உச்சரிப்பைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இத்தனையும் பட்ட நாம், நம்முள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறோம்? இதனைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தோம். மாட்டுங்காவில் பேசப்படும் தமிழைக் கேட்டுத் தாராவியில் நகைக்கிறார்கள். தாராவித் தமிழைக் கேட்டுச் செம்பூரில் முகம் சுளிக்கிறார்கள். அயலார் காதில் நாம் எல்லோரும் ஒரே 'யண்டு குண்டு'தான் என்பதை மறந்து, நமக்குள் மேல்படி கீழ்ப்படி கட்டிக்கொள்கிறோம். அதனினும் வருந்தத்தக்கது, நாம் எல்லோருமாகச் சேர்ந்து நம் பிள்ளைகளைப் பார்த்து நகைப்பது.

சில ஆண்டுகளுக்கு முன் நகரில் நடந்த ஒரு தமிழ் விழாவுக்கு எங்கள் சாலிலிருந்து பலரும் சென்றிருந்தோம். சிறுவர் பேச்சுப் போட்டி. எங்கள் பக்கத்துக் கோலிச் சிறுமி மேடை ஏறினாள். பத்து நாள் பாடம் செய்த பேச்சு. 'என் தாய்மொளி தமில்' என்று தொடங்கினாள். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. தீய எண்ணம் கொண்ட சிரிப்பு அன்று. குழந்தையின் மழலையைக் கேட்டுப் பெரியோர் சிரிக்கும் சிரிப்புத்தான். ஆனால் ஒருவர் எழுந்து, 'தமில் இல்லை அம்மா, தமிழ்! ழ, ழ, எங்கே சொல்லு' என்று அரங்கம் அதிரத் திருத்தினார். அவள் முயன்றாள், 'தமிள்' என்றாள். சிரிப்பு இரு மடங்காயிற்று. மூன்றாம் முறை அவள் முயலவில்லை. மேடையை விட்டு இறங்கி வந்து தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்தக் கோடையில் அவளை ஊருக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே வெப்பம் தாளாமல் திணறியவள், மழை வந்து குளிர்ந்ததும், 'பேனைப் பந்து பண்ணுங்க' என்றாள். மின்விசிறியை நிறுத்துவதைப் பம்பாய்த் தமிழ் வீடுகளில் அப்படித்தான் சொல்கிறோம். ஏற்றுவதைச் 'சாலு பண்ணு' என்கிறோம். தலையில் ஊரும் பேனை எப்படிப் பந்து செய்வது என்று உறவுப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். இங்கே மேடையில் ஒரு சிரிப்பு. அங்கே திண்ணையில் ஒரு சிரிப்பு. குர்லாவுக்குத் திரும்பியபின் அவள் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். தாய் தமிழில் கேட்டால் இந்தியில் விடை வரும். வற்புறுத்தினால், 'முஜே நஹீம் ஆத்தா' என்பாள். எனக்கு வராது என்பது அதன் பொருள். ஏறத்தாழ ஈராண்டுகள் அவ்வீட்டில் இந்நிலை நீடித்தது. ஓர் எழுத்தைக் காப்பாற்ற முயன்று, ஒரு குழந்தையின் வாயிலிருந்து இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் இழந்தோம்.

எங்கள் சாலில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். மாலையில் நடைபாதையில் நாற்காலி இட்டு அமர்வார், பிள்ளைகள் சூழ்ந்துகொள்வர். 'தவறு' என்னும் சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. பிள்ளை 'மளை' என்றால் அவர், 'ஆமாம், மழை வருகிறது. மழையில் நனையாதே' என்று சரியான ஒலியை இரண்டு முறை காதில் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வார். வாய் கேட்டபின்தான் பேசும் என்பது அவர் கொள்கை. ஆர்வமுள்ள பிள்ளைக்கு மட்டும் தனியே வழி சொல்லித் தருவார்: 'முதலில் ள என்று சொல்ல நாக்கை மடி. மடித்த நாக்கை அண்ணத்தில் அழுத்தாதே. சற்றே இறக்கி, காற்றை நழுவ விடு.' ஏழைக் கிழவனும் வாழைப்பழத்தோலும் வரும் நாப்பயிற்சித் தொடரை அவர் முதல் நாளே கொடுக்கமாட்டார். 'நடக்கத் தெரியாத பிள்ளையை வழுக்குப் பாறையில் ஏற்றலாமா?' என்பார்.

அச்சிறுமி முதலில் தொலைவில் நின்று கேட்டாள். பிறகு படியில் அமர்ந்தாள். ஒருநாள், 'நள்ளுக்குத் தமிழ்ல என்ன தாத்தா?' என்று கேட்டாள். முதியவர் 'குழாய்' என்றார். அவள் 'குளாய்' என்றாள். அவர் தலையை அசைத்துவிட்டு, 'குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா, பார்த்து வா' என்று அனுப்பினார். அவ்வளவே. ழகரம் அவளுக்கு இன்றும் பாதி நேரம் வருகிறது. பாதி நேரம் ளகரமாகிறது. ஆயினும் நெல்லைப் பாட்டியோடு தொலைபேசியில் அரைமணி நேரம் இடைவிடாமல் தமிழில் பேசுகிறாள். அந்தப் பாட்டியும் மழையை 'மளை' என்பவரேயாதலால் அவர்களுக்குள் இலக்கணச் சிக்கல் எதுவும் எழுவதில்லை!

அப்படியானால் ழகரத்தைக் கைவிட்டுவிடலாமா என்று சிலர் வினவலாம். கூடாது. வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ வளர்ந்தால் செம்மையான ஒலிப்பு வராது என்பதும் பொய். தில்லி வானொலியின் தமிழ்ச் செய்திகளைப் பல்லாண்டுகள் வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. அவர் ழகரத்தையும் றகரத்தையும் கேட்டுத் தம் பிள்ளைகளைத் திருத்திய பெற்றோர் பலர். அவர் தஞ்சையைப் பூர்வீகமாகக் கொண்டாலும் வளர்ந்தது பம்பாயில். 2022-இல் அவர் மறைந்ததும் இதே நகரில்தான். நம் ஊரில் வளர்ந்த நாக்கு, தமிழ்நாட்டுக்கே ஒலிப்பு முறை காட்டியது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டும். சொல்லும்போதே, அத்தகைய நாக்கு இடைவிடாது பேசியும் படித்தும் கேட்டும் அமைவது, அவையில் நாணச் செய்வதால் அமைவதன்று என்பதையும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளவேண்டும்.

நம் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். சிறுவர் போட்டிகளில் உச்சரிப்புக்கு மதிப்பெண் இருக்கட்டும். ஆனால் திருத்தம் மேடையில் வேண்டா. போட்டி முடிந்தபின் பிள்ளையைத் தனியே அமர்த்தி, ஆசிரியர் ஒருவர் அன்போடு சொல்லித் தரட்டும். முன்வரிசையில் அமரும் பெரியோர், பிள்ளை பேசி முடிக்கும்வரை கைதட்டுவதற்கு அன்றி வேறெதற்கும் ஓசை எழுப்பவேண்டா. வீட்டில் பெற்றோர் நாளுக்கு ஒரு வேளையாவது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத் தமிழில் உரையாடட்டும். அவ்வுரையாடலில் 'நள்' வந்தாலும் 'பந்து' வந்தாலும் பேச்சை முறிக்காமல், 'குழாய்' என்றும் 'நிறுத்து' என்றும் தாமே சொல்லிக் காட்டட்டும். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, நம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு நகைக்கவேண்டாம் என்று உறவினருக்கு முன்னரே ஒரு வரி எழுதிவிடுவதும் நன்று.

பிழையோடு பேசும் பிள்ளையைத் திருத்த நாள் பல உண்டு. பேசுவதையே விட்டுவிட்ட பிள்ளையிடம் திருத்துவதற்கு எதுவும் இல்லை. அடுத்த விழாவில் ஒரு குழந்தை மேடையேறித் 'தமில் வாள்க' என்று தொடங்கினால், அதற்கு வாழ்வு கொடுப்பதும் கொடாததும் கீழே அமர்ந்திருக்கும் நம் கையில் இருக்கிறது.